கீரி பெரியபிள்ளையான வெள்ளிக்கிழமை

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை படித்த முதல் ஆள் நான். இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. சுவிஸின் பீல் நகரப் பேருந்தில் என் அம்மாவுக்குப் பக்கத்தில் இரண்டு தரிப்பிடம் வரை இருந்த எவருக்கும் தெரியும். அம்மா எட்டாம் வகுப்பில் இருக்கும்போது இலங்கைப் போரில் இடம்பெயர்ந்தவர். அதன் பிறகு பள்ளிக்கூடம் அவரைத் தேடி வரவில்லை. அப்பா அவரைவிட ஒரு வகுப்புக் கூடப் படித்தவர். நான் உயிரியல் படித்தேன். ஆகவே உயிருள்ள எதைப் பற்றியும் எங்கள் வீட்டில் இறுதித் தீர்ப்பு என்னுடையதாக இருந்தது. மீன் பழுதா, தயிர் ஏன் உறையவில்லை, பல்கனிக் கறிவேப்பிலை எதனால் சாகிறது, எல்லாம் என்னிடம் வரும். தீர்ப்புகள் பெரும்பாலும் பிழையாகவே போயின. ஆனால் என் பட்டம் சட்டம் போட்டு, சுவரில் பிள்ளையாருக்கும் லட்சுமிக்கும் நடுவில் தொங்கியதால், யாரும் மேல்முறையீடு செய்யவில்லை.

என்னோடு படித்த ஒருத்தி வேலை கிடைத்து வெளிநாடு போனபோது, தான் வளர்த்த இரண்டு ஃபெரட்டுகளை என்னிடம் தர விரும்பினாள். ஃபெரட் என்பது நீண்ட உடம்பும் குட்டைக் காலும் கொண்ட சின்ன விலங்கு. முகத்தில் கள்ளன் கறுப்புத் துணி கட்டியதுபோல ஒரு பட்டை. ஒரு நாளின் பெரும்பகுதியைத் தூங்கிக் கழிக்கும், மீதி நேரத்தில் உங்கள் காலுறைகளைக் களவெடுக்கும். நீர்நாயின் உறவு. கீரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று அம்மாவுக்கு வகைப்பாட்டியல் முழுவதும் விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, அந்தக் கீரியள் எப்ப வருது?” என்றார்.

இந்த நாட்டில் ஃபெரட்டைச் சும்மா கொண்டுவந்து வைத்திருக்க முடியாது. மாநில அலுவலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். கூட்டின் அளவு காட்ட வேண்டும், வளர்க்கத் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும். ஒன்றைத் தனியாக வைத்திருக்கவும் கூடாது, அதற்குத் தனிமை ஆகாதாம். இதையெல்லாம் நான் மேசையில் படிவம் நிரப்பிக்கொண்டே சொன்னபோது, அப்பா கைக்கடிகாரத் தொழிற்சாலையில் இருந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்பா இந்த நாட்டுக்குத் தனியாக வந்தவர். அவருக்குத் தனிமை ஆகுமா என்று எந்த அலுவலகமும் கேட்கவில்லை. தற்காலிக அனுமதி அட்டையோடு எத்தனையோ வருடம் இருந்தவர்.

அனுமதிக் கடிதம் சில வாரங்களில் வந்தது.

“வந்திட்டுதோ? அதுக்குள்ளயோ?” என்றார் அப்பா. “இன்டர்வியூ ஒண்டும் வைக்கேல்லையோ? ஏன் வந்தனி, ஆர் கூட்டிக்கொண்டு வந்தது, எந்தப் பாதையால வந்தனி எண்டு கேக்கேல்லையோ?”

“இல்லையப்பா.”

“கீரியின்ர லோயர் ஆரெண்டு விசாரி பிள்ளை. நல்ல ஆள் போல.”

அவை பிரெஞ்சுப் பெயர்களோடு வந்தன. அம்மாவின் நாக்கு அந்தப் பெயர்களோடு ஒரு கிழமை போராடி, தோற்று, பெண்ணுக்குப் பெட்டை என்றும் ஆணுக்குக் கடுவன் என்றும் வைத்துக்கொண்டது. வாசம் தாங்காமல் முதல் மாதம் முழுவதும் காலையும் மாலையும் சாம்பிராணி போட்டார். இரண்டாம் மாதம் சாம்பிராணி நின்றது. மூன்றாம் மாதம் நான் வேலையால் வந்தபோது, பெட்டை அம்மாவின் வீட்டுச் சட்டைக்குள் தலையை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் காலை முறை வேலை. கிழவிகளைக் கழுவி, துடைத்து, தோலில் எங்கே சிவந்திருக்கிறது என்று பார்த்து, நேரத்தோடு பதிவேட்டில் எழுதுவது அவர் தொழில். மூன்று மணிக்கு அம்மா வீடு வரும்போதுதான் கீரிகளும் கண் விழிக்கும். அப்படி ஒட்டிக்கொண்டார்கள்.

இரண்டுக்கும் குட்டியிலேயே அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. பெட்டைக்குச் சூலகமும் கர்ப்பப்பையும் எடுத்தாயிற்று என்று தாளில் தெளிவாக இருந்தது. அந்தத் தாளை நான் இரண்டு தடவை படித்தேன். பெட்டையை அந்த அளவுக்குப் பார்க்கவில்லை.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அம்மாவுக்கு விடுப்பு. நான் சீப்பால் தலை இழுத்துக்கொண்டு நின்றேன்.

“இஞ்ச ஒருக்கா வா.”

போனேன். அம்மா பெட்டையை மடியில் மல்லாக்கப் பிடித்திருந்தார்.

“பார். வீங்கியிருக்கு. பெட்டை பெரியபிள்ளை ஆயிட்டுது.”

நான் சிரித்த சிரிப்பு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பட்டம் பெற்றவர்கள் சிரிக்கும் சிரிப்பு.

“அம்மா, அதுக்குச் சூலகமும் இல்லை, கர்ப்பப்பையும் இல்லை. எல்லாம் எடுத்தாச்சு. இல்லாத வீட்டில எப்பிடியம்மா அடுப்பெரியும்?”

“எனக்கும்தான் எடுத்தது. எடுத்தாப்போல எல்லாம் ஓய்ஞ்சதெண்டு ஆர் உனக்குச் சொன்னது?”

“அது வேற, அம்மா.”

‘அது வேற’ என்பது உயிரியலின் மிகப் பயனுள்ள சொல். நான்கு வருடம் படித்தவர்களுக்கு மட்டுமே அதை இவ்வளவு உறுதியோடு சொல்ல வரும்.

அம்மா எழும்பிக் குசினிக்குப் போனார். அங்கே தமிழ்க்கடைக் கலண்டர் தொங்கியது, மேலே லட்சுமி, கீழே மாதம், ஓரத்தில் ராகு காலம். பேனாவை எடுத்து அந்த வெள்ளிக்கிழமைக் கட்டத்துக்குள் எழுதினார்: காலை 7.45, உத்தரம். எங்கள் ஆட்களுக்குள் ஒரு பெண்பிள்ளை பெரியவளானால் முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு யாரோ அதை வைத்துச் சாதகம் பார்ப்பார்கள். எனக்கும் இப்படி ஒரு கட்டத்துக்குள் எழுதியவர்தான். கீரிக்கு எழுதியது விளையாட்டுக்கா உண்மைக்கா என்று கேட்டால், இன்றைக்கும் நேரான பதில் வராது.

அன்று பின்னேரம், எங்கடின் மலைப்பகுதியில் ஹொட்டேல் குசினியில் வேலை செய்யும் சித்தி செய்தி கேட்டுத் தொலைபேசியில் வந்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

“என்னக்கா, சாமத்திய வீடு எப்ப? ஹோல் எடுத்தாச்சோ?”

“எடுக்க வேணும்.”

“தண்ணி வாக்க மாமன் ஆர்? உந்தக் கடுவன் நிண்டு தேங்காய் உடைக்குமோ? எனக்கு சீசன் தொடங்க முதல் வையுங்கோ. பிறகு லீவு தராங்கள். கீரிக்குச் சடங்கெண்டு சொன்னா ஒருக்காலும் தராங்கள்.”

நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிப்பதற்கு உரிமையுள்ள ஒரே ஆள் நான்தான் என்ற நினைப்பில்.

மூன்று கிழமைக்குப் பிறகு வாலின் நுனியில் மயிர் கொட்டத் தொடங்கியது. பிறகு அடியில். பார்த்துக்கொண்டிருக்கவே அது எலிவால் ஆனது. அதே கிழமையில் இன்னொன்றும் கண்டுபிடித்தேன். அம்மா தினமும் பின்னேரம் பெட்டைக்குப் பச்சை முட்டை மஞ்சட்கருவும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயும் கொடுத்து வந்திருக்கிறார். பெரியபிள்ளையான பெண்ணுக்கு இடுப்பு பலக்கக் கொடுப்பது. நான் அதைக் குடிக்க மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறேன். பெட்டை கரண்டியையும் சேர்த்து நக்கியிருக்கிறது.

“எண்ணெய் குடுத்தா மயிர் கொட்டும்தானே!” என்று கத்தினேன்.

“எண்ணெய் குடுத்தா மயிர் வளரும். உன்ர தலையைப் பார்.”

நான் தீர்ப்பு எழுதிக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டினேன். எண்ணெய் இல்லை, முட்டை இல்லை, சமையல் மஞ்சள் தொட்ட கையால் தூக்குவது இல்லை. வீக்கத்துக்கு மஞ்சளும், மயிர் கொட்டுவதற்கு எண்ணெயும், மீதிக்கு வீட்டுச் சூடாக்கியின் வறண்ட காற்றும் காரணம் என்று முடிவு செய்தேன். விஞ்ஞான முறைப்படி ஒன்றை நிறுத்தினால் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். பொறுத்திருந்தேன். டிசம்பர் போனது. ஜனவரியும் போனது. இரண்டு விலாவிலும் மயிர் போய்த் தோல் தாள் மாதிரி ஆனது. வீக்கம் குறையவே இல்லை. காலுறை களவெடுப்பது நின்றது. முன்பு ஒரே பாய்ச்சலில் ஏறிய சோபாவின் கீழே நின்று, பின்காலை இழுத்தபடி அம்மாவைப் பார்த்தது. நான் இன்னும் அவதானித்துக்கொண்டிருந்தேன்.

பெப்ரவரியில் ஒரு நாள் அம்மா அதன் உதட்டைப் பெருவிரலால் தூக்கிப் பார்த்தார்.

“பல் முரசு வெளிறிக் கிடக்கு. எங்கட கிழவியள் இப்பிடி வெளிறினா நாங்கள் உடன டொக்டருக்கு ஃபோன் அடிப்பம்.”

“அம்மா, இன்னும் ஒரு கிழமை...”

“நீ வாறியெண்டா வா. வராட்டி நான் தனியப் போறன்.”

பட்டம் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் சப்பாத்தைப் போட்டேன்.

கூட்டை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனோம். மருத்துவமனையில் நிரப்பத் தந்த படிவத்தில் தொழில் என்ற இடம் கட்டாயமில்லை என்று போட்டிருந்தது. நான் ‘உயிரியலாளர்’ என்று எழுதினேன்.

விலங்கு மருத்துவர் நடுவயதுப் பெண். பெட்டையைத் தூக்கி வாலைப் பார்த்தார், விலாவைப் பார்த்தார், கீழே பார்த்தார், உதட்டைத் தூக்கிப் பார்த்தார். அம்மா செய்த அதே வரிசையில் இல்லாவிட்டாலும், அதே இடங்கள்தான்.

“இந்த வீக்கம் எப்போதிருந்து?”

நான் நல்ல ஜெர்மனில், கூச்சமில்லாமல் சொன்னேன்: “போன கிழமை அளவில்தான்.”

என் அம்மா இந்த நாட்டில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருக்கிறார். பள்ளிக்கூடம், வங்கி, அவருடைய சொந்த வயிற்று அறுவை என்று எல்லா இடத்திலும் நான்தான் மொழிபெயர்த்தேன். என் பதினான்கு வயதில் அவருடைய கர்ப்பப்பையைப் பற்றி வைத்தியர் சொன்னதில் எனக்கு விளங்காத பாதியை விட்டுவிட்டு, “எடுத்தா எல்லாம் சரியாம்” என்று சுருக்கிச் சொன்னவள் நான். அம்மா அதை நம்பி அறுவை மேசையில் ஏறினார்.

இங்கே, விலங்கு மருத்துவருக்கு முன்னால், அம்மா என்னைப் பார்க்கவேயில்லை. மருத்துவரைப் பார்த்து, “நைன்” என்றார். “நிஹ்ட் லெட்ஸ்ட வொஹ. நொவெம்பர்.” போன கிழமை இல்லையாம், நவம்பராம்.

பிறகு கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். நவம்பர் மாதம். மேலே லட்சுமி. வெள்ளிக்கிழமைக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் சின்னச் சின்ன எழுத்து இருந்ததை நான் அப்போதுதான் கண்டேன். வால் நுனி. வால் அடி. சொறியுது. இடது விலா. சாப்பாடு பாதி. பின்பக்கத்தில் டிசம்பரும் ஜனவரியும், ஒட்டுநாடா போட்டு. முதியோர் இல்லத்துப் பதிவேடு மாதிரியே, நாளோடு, நேரத்தோடு.

மருத்துவர் குனிந்து பார்த்தார். “இது என்ன, ஏழே முக்கால்? நிமிடக் கணக்கில் ஏன் குறித்தார்? பக்கத்தில் இருப்பது என்ன சொல்?”

“அது... ஒரு நட்சத்திரம்,” என்றேன்.

“நட்சத்திரமா?”

அந்த அறையில், துருவேறா உருக்கு மேசைக்கு முன்னால் நின்று, சாமத்தியம் என்றால் என்ன, அதற்கு ஏன் நேரம் குறிப்பார்கள், என் அம்மா ஒரு ஃபெரட்டுக்கு ஏன் அதைக் குறித்தார் என்று ஜெர்மனில் விளக்கினேன். நான்கு வருடப் படிப்பில் இதற்கு ஒரு பாடமும் இருக்கவில்லை. மருத்துவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவை எடுத்து அந்தத் தேதியைப் பதிந்தார்.

“உங்கள் அம்மா சொன்னது கிட்டத்தட்டச் சரி,” என்றார். “உடம்பு பருவத்தில் இருப்பதாகத்தான் நடந்துகொள்கிறது. சூலகம் இல்லாமலே.”

பிறகு விளக்கினார். நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். இந்த முறை ஒன்றையும் விடாமல். மூளை சூலகத்துக்கு வேலை செய் என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கும். சூலகம் பதிலுக்கு ஹோர்மோன் அனுப்பினால்தான் மூளை அடங்கும். சூலகத்தை எடுத்துவிட்டால் பதில் வராது, மூளை இன்னும் சத்தம் போடும். அப்போது சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் ஒரு சின்னச் சுரப்பி அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தானே ஹோர்மோன் செய்யத் தொடங்குகிறது. வருடக் கணக்கில் செய்து செய்து வீங்கி, கட்டியும் ஆகலாம். அதைத் தடுக்க, சூலகத்தை எடுக்காமல் விடலாமே என்றால், ஆணோடு சேராத பெண் ஃபெரட் பருவத்திலேயே நின்றுவிடும். இரத்தம் வற்றிச் சாகவும் கூடும்.

ஜெர்மனில் அந்தச் சுரப்பிக்கு ‘சிறுநீரகத்துக்குப் பக்கத்தது’ என்பது போன்ற ஒரு பெயர். நான் அவசரத்தில் அப்படியே சொல்லிவிட்டேன்.

“பக்கத்துக் கிட்னியோ? அப்ப பார்லி அவிச்சுக் குடுப்பமோ?”

“ஐயோ, கிட்னி இல்லையம்மா. கிட்னிக்கு மேல ஒரு சுரப்பி. இப்ப பாருங்கோ, நாங்கள் வீடு மாறின பிறகும் பழைய வீட்டுக்கே கடிதம் போகும்தானே? அங்க பக்கத்து வீட்டுக்காரன் அதை உடைச்சுப் பார்த்து, எங்களுக்குப் பதிலா தான் கையெழுத்து வைக்கத் தொடங்கினா எப்பிடி இருக்கும்? அப்பிடி.”

அம்மா பெட்டையின் தலையைத் தடவினார். “வெட்டினாலும் வருத்தம், வெட்டாட்டிலும் வருத்தம். பொம்பிளையாப் பிறந்தா கீரிக்கும் இதுதான்.”

இதை மொழிபெயர்க்கும்படி மருத்துவர் கேட்டார். மொழிபெயர்த்தேன். அதற்குத்தான் சிரித்தார்.

பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார்: “ஒரு வாரம் என்றால் நேரே ஸ்கேனுக்குப் போயிருப்பேன். மூன்று மாதம் என்றால் முதலில் இரத்தம் பார்க்க வேண்டும். இந்த ஹோர்மோன் இவ்வளவு காலம் ஓடினால் எலும்பு மச்சை இரத்தம் செய்வதை விட்டுவிடும்.” படிவத்தை ஒரு தடவை பார்த்தார். அந்தத் தொழில் என்ற வரியில் அவர் கண் நின்றதை நான் கண்டேன். “ஏன் இவ்வளவு நாள் பொறுத்தீர்கள்?”

நான் வாயைத் திறக்கும் முன் அம்மா தன்னுடைய ஜெர்மனில் தொடங்கினார். “நான் எண்ணெய் கொடுத்தது. எண்ணெய். நாங்கள் நினைச்சது, அதால.”

‘நாங்கள்’. எண்ணெயால் என்று ஒரு நாளும் நினைக்காத மனுசி. அந்தச் சொல்லுக்குள் என்னையும் இழுத்துத் தன் சீலைத் தலைப்பால் மூடினார்.

அப்படியே விட்டிருக்கலாம். அம்மாவும் அதைத்தான் விரும்பினார். ஆனால் மேசையில் கிடந்த பெட்டை தலையைத் தூக்கக்கூடப் பஞ்சிப்பட்டுக்கொண்டு கிடந்தது.

“இல்லை,” என்றேன். “அம்மா முதல் நாளே கண்டவர். நான்தான் முடியாது என்று சொன்னேன். காத்திருக்கச் சொன்னதும் நான்தான்.”

மருத்துவர் தலையாட்டிவிட்டு ஊசியை எடுத்தார். பெரிய தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

இரத்தம் குறைந்திருந்தது. ஆனால் இன்னொரு விலங்கின் இரத்தம் ஏற்றும் அளவுக்கு இல்லை. ஸ்கேனில் இடப்பக்கச் சுரப்பி வீங்கியிருந்தது. அறுத்து எடுக்கலாம், ஆனால் இந்த இரத்தத்தோடு மயக்க மருந்து கொடுத்தால் எழும்புமோ தெரியாது என்றார். இன்னொரு வழி, மூளையின் சத்தத்தை அடக்கும் மருந்தைத் தோலுக்குக் கீழே சின்னக் குச்சியாக வைப்பது. வீக்கமுள்ள சுரப்பி அப்படியே இருக்கும். அதன் அட்டகாசம் மட்டும் ஓயும். மருந்து தீர்ந்தால் திரும்ப வைக்க வேண்டும். சில விலங்குகளுக்குக் கேட்கும், சிலதுக்குக் கேட்காது. இங்கே அதைச் ‘சிப்’ என்கிறார்கள்.

“ஃபோனுக்குப் போடுற சிப்போ?” என்றார் அம்மா.

“ஓம் அம்மா. இனி இதுக்கும் கோல் எடுக்கலாம்.”

“எடுத்தா முதல் உன்னைப் பற்றித்தான் சொல்லும்.”

அடுத்த இரண்டு கிழமையும் வீட்டில் யாரும் பகிடி விடவில்லை. அம்மா இறைச்சியை அரைத்து, இளஞ்சூடாக்கி, விரலில் தொட்டுத் தொட்டுத் தீத்தினார். அப்பா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னம் கூட்டைப் பார்த்தார். கடுவன் பெட்டையின் மேல் தாடையை வைத்துக்கொண்டு கிடந்தது. நான் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டிய தீர்ப்பைக் கிழித்தேன். யாரும் கவனிக்கவில்லை. அதை யாரும் பின்பற்றவும் இல்லை என்று பிறகு தெரிந்தது. அந்த மாதங்கள் முழுவதும் எனக்குத் தெரியாமல் எண்ணெய் தொடர்ந்திருக்கிறது.

பதினாறாம் நாள் வீக்கம் பாதியானது. அம்மா கலண்டரில் எழுதினார். அதற்குப் பிறகு ஒரு நாள் என் காலுறையில் ஒன்றைக் காணவில்லை. வீட்டில் எல்லோரும் அதைக் கொண்டாடினார்கள். பங்குனி முடிய முன்னம் வாலில் பஞ்சு மாதிரி மயிர் வந்தது, முன்பு இருந்ததை விடத் தடிப்பாக. சித்தி படத்தைப் பார்த்துவிட்டு, “என்ன சம்போ போடுறியள்?” என்று கேட்டார்.

“நல்லெண்ணெய்,” என்றார் அம்மா, என்னைப் பார்த்துக்கொண்டு.

இது நடந்து ஒன்றரை வருடத்துக்கு மேலாகிறது. போன மாதம் நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றபோது குசினியில் இருந்து அம்மா கூப்பிட்டார்.

“இஞ்ச ஒருக்கா வா. வால் நுனியில தொட...”

அவர் வசனத்தை முடிக்கும்போது என் கையில் தொலைபேசி இருந்தது. வரவேற்பில் இருந்த பெண் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். எப்போதிருந்து?

“ஒரு நிமிடம்,” என்று சொல்லிவிட்டுக் கலண்டருக்கு முன்னால் போய் நின்று, கட்டத்துக்குள் இருந்ததை அப்படியே வாசித்தேன். நேரத்தையும் சேர்த்து. நட்சத்திரத்தை மட்டும் விட்டேன்.

“செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கு வர முடியுமா?” என்றாள்.

நான் ஓம் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் அம்மா பெட்டையைத் தோளில் போட்டபடி நின்று கையை ஆட்டினார். “செவ்வாய் மூண்டிலயிருந்து நாலரை ராகு காலம்! வேற நேரம் கேள்!”

“வேறு நேரம் இருக்கிறதா?” என்று கேட்டேன்.

“மருத்துவக் காரணமா?”

“யா,” என்றேன்.